பட்டறைப் பக்கம்: பழைய மஸ்டாங்குக்கு டிரக் ஆக்சில்

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சிலைக் கழற்றி அறுபதுகளின் மஸ்டாங்கில் பொருத்தலாம் என்று சென்ற முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கோவையில் லேத் பட்டறையில் தொழில் பழகி, மிச்சிகனுக்கு வந்த பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு, வெட்டி பேலன்ஸ் செய்யும் பட்டறையில் காலம் கழித்தவன் நான். இந்த ஆக்சில் மாற்றத்தில் நன்றாக முடிந்த வண்டிகளும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன, பாதியில் நின்ற வண்டிகளும் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் இருந்துதான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, என்னிடம் 1966 மஸ்டாங் இருக்கிறது. 289 வி8 எஞ்சின், சி4 ஆட்டோமேட்டிக் கியர். பக்கத்துக் காயலான் கடையில் 1998 எக்ஸ்ப்ளோரர் ஒன்று கிடக்கிறது. அதன் பின் ஆக்சிலை அப்படியே கழற்றி மாட்டிவிட முடியுமா?
— வாசகர், ஆன் ஆர்பர்

அப்படியே முடியாது. வெட்டி ஒட்டினால் முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: எதற்காக மாற்றுகிறீர்கள்?

உங்கள் வண்டியில் வி8 எஞ்சின் என்பதால் பின்னால் இருப்பது 8 அங்குல ஆக்சிலாக இருக்க வேண்டும். (இந்த அங்குலம் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்.) அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் மஸ்டாங்குகளுக்குத்தான் 7¼ அங்குலம். அதிக சக்தி கொண்ட கே-கோடு 289-க்கு மட்டும் 9 அங்குலம் கொடுத்தார்கள். எஞ்சினில் கை வைக்காத 289-க்கும் சி4-க்கும் அந்த 8 அங்குல ஆக்சில் தாராளமாகப் போதும். ‘பழையது உடைந்துவிடும்’ என்று யாராவது பயமுறுத்தியதால் மாற்ற நினைத்தால், அந்தக் காசை பிரேக்கில் போடுங்கள். எஞ்சினை மாற்றிவிட்டீர்கள், ஐந்து கியர் மேனுவல் பெட்டி போடப் போகிறீர்கள், பின்னால் டிஸ்க் பிரேக்கும் வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் நல்ல யோசனை. குறைந்த விலைக்கு இவ்வளவு உறுதியான பொருள் வேறு இல்லை என்பேன்.

அது ஏன் எக்ஸ்ப்ளோரர் என்று சொல்லிவிடுகிறேன். 1995 முதல் 2001 வரை வந்த நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரில் 8.8 அங்குல கிரவுன் வீல், 31 பல் உள்ள ஆக்சில் ஷாஃப்ட், 3¼ அங்குல விட்டத்தில் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) குழாய், பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் எல்லாம் கம்பெனியிலேயே வந்தன. 1994 வரை பின்னால் டிரம் பிரேக். 2002-ல் இருந்து இரு பக்கமும் தனித்தனியாக ஆடும் பின் சஸ்பென்ஷன் வந்துவிட்டதால் முழு ஆக்சிலே கிடையாது. அதே காலத்து மெர்க்குரி மவுன்டனீர் கண்ணில் பட்டாலும் விடாதீர்கள், அதுவும் இதே ஆக்சில்தான். வீல் நட்டு வட்டமும் பொருந்தும்: 5 போல்ட், 4½ அங்குலம். உங்கள் வி8 மஸ்டாங்கிலும் அதேதான். ஆறு சிலிண்டர் மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரத்துக்கு 4 போல்ட்தான், அவர்கள் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனி அகலம். 1965, 66 மஸ்டாங்கின் ஆக்சில் ஒரு பக்கத்து வீல் முகத்தில் இருந்து மறுபக்க முகம் வரை சுமார் 57¼ அங்குலம். எக்ஸ்ப்ளோரருடையது 59½-க்குச் சற்று மேலே. அப்படியே போட்டால் டயர் இருபுறமும் ஃபெண்டர் விளிம்பில் உரசும். ஆனால் இந்த ஆக்சிலில் ஒரு வசதி இருக்கிறது. பினியன், அதாவது கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம், நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் வலது ஷாஃப்ட் குட்டை, ஓட்டுநர் பக்கமான இடது ஷாஃப்ட் நெட்டை. இடது குழாயில் சுமார் 3 அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலது ஷாஃப்டை அந்தப் பக்கம் செருகினால் இரு பக்கமும் ஒரே நீளம். பினியன் நடுவுக்கு வந்துவிடும், மொத்த அகலம் 57-க்குச் சற்றுக் கீழே நிற்கும். தனியாக ஷாஃப்ட் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. அதே காயலான் கடையில் இரண்டாவது வலது ஷாஃப்டையும் வாங்கிவிடுங்கள், அதே டிஸ்க் பிரேக் ஆண்டுகளில் இருந்து.

1967 முதல் 70 வரையிலான மஸ்டாங் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவற்றின் ஆக்சில் சுமார் 59¼ அங்குலம். வெட்டாமலே பெரும்பாலும் உட்காரும். பினியன் சற்று வலப்பக்கம் இருப்பதை புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் (முனையில் வளைந்து சுற்ற விடும் மூட்டு) தாங்கிக்கொள்ளும், தரைச் சுரங்கத்தில் ஷாஃப்ட் உரசவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழாய் வெட்டும் வேலையை வீட்டில் கிரைண்டரும் வெல்டிங் மிஷினும் இருக்கிறது என்பதற்காகக் கையில் எடுக்காதீர்கள். வெட்டிய முனையைத் திரும்பப் பற்றவைக்கும்போது பேரிங் உட்காரும் துளையும் நடு ஹவுசிங்கின் துளையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு முழு நீள எஃகுத் தண்டும், இரு முனையிலும் நடுவிலும் உட்காரும் வட்டத் துண்டுகளும் வேண்டும். தண்டை உள்ளே விட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். கண்ணளவில் ஒட்டிய ஹவுசிங்கில் கொஞ்ச நாளில் ஆயில் சீல் கசியும், அதன் பின்னால் பேரிங் போகும். ஆக்சில் குறுக்கிக் கொடுக்கும் பட்டறை எந்தப் பெரிய ஊரிலும் இருக்கிறது.

காயலான் கடையில் ஆக்சிலைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? என்னென்ன சேர்த்து எடுக்க வேண்டும்?
— வாசகர், ஹூஸ்டன்

ஒரு கம்பி பிரஷ் கொண்டு போங்கள். டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கும், துருவும் சேறும் மூடியிருக்கும். துடைத்தால் எண்கள் தெரியும். 3.73 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.73 சுற்று) என்றால் 3-க்கும் 73-க்கும் நடுவே இடம் விட்டிருக்கும். லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கிளட்ச் தட்டுகளால் தடுப்பது) என்றால் அந்த இடத்தில் ‘எல்’ எழுத்து நிற்கும். 3.55-க்கும் 4.10-க்கும் இதே கணக்குதான். தகடு விழுந்துபோயிருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, இரு பின் சக்கரமும் தரையில் படாதபடி இருக்கும்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் அதே திசையில் சுற்றினால் லிமிட்டெட் ஸ்லிப். எதிர்த் திசை என்றால் சாதாரணம், அல்லது உள்ளே கிளட்ச் தட்டுகள் முழுக்கத் தேய்ந்த லிமிட்டெட் ஸ்லிப். பல் விகிதத்தை எண்ணிப் பார்க்க, மூடியைத் திறந்து கிரவுன் வீலின் ஓரத்தில் குத்தியிருக்கும் பற்களின் எண்ணிக்கையைப் படியுங்கள். 41-ம் 11-ம் என்றால் 3.73.

மூடியைத் திறந்தால் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை காந்தத்தில் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் நெருடும் துகள் இருந்தால் அந்த ஆக்சில் வேண்டாம், அடுத்த வண்டிக்குப் போங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

எடுக்கும்போது பிரேக் கேலிப்பர், அதன் தாங்கி, டிஸ்க், ரப்பர் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும், பினியன் முகத்தில் இருக்கும் வட்ட ஃப்ளாஞ்சின் நான்கு போல்ட்டும் என எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள். தனித்தனியாகப் பிறகு வாங்கினால் ஆக்சில் விலையைத் தாண்டிவிடும். ஹேண்ட் பிரேக் கேபிளை வெட்டி எடுக்காமல் கழற்றி எடுங்கள். மஸ்டாங்கின் கேபிளோடு இணைக்க அதன் முனை முழுசாக வேண்டும்.

என் 1965 மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலோடு பின்னால் டிஸ்க் வந்துவிடுகிறது. முன்பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகர், நியூ ஜெர்சி

கூடாது. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. அந்த நேரத்தில் பின்னால் பிடிப்பு அதிகமாக இருந்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டியின் வால் பக்கவாட்டில் போகும். ஈர ரோட்டில் யோசிக்கவே நேரம் கிடைக்காது. முன்னால் டிரம், பின்னால் டிஸ்க் என்பது நேர் தலைகீழான ஏற்பாடு. முன்பக்கத்துக்கு டிஸ்க் போட்ட பிறகுதான், அல்லது அதோடு சேர்த்துத்தான் ஆக்சில்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967-ல்தான் முன்னும் பின்னும் பிரித்த இரட்டைச் சுற்று வந்தது. வண்டியை இவ்வளவு பிரிக்கும்போது இதை மாற்றாமல் மூடிவிடாதீர்கள். டிஸ்க்குக்கு ஏற்ற இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அது டிஸ்க் குழாயில் இருந்தால் பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும், சூடேறும், தேயும். அதை எடுத்துவிட வேண்டும். பின்பக்கக் குழாயில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும், திருகி அளவை மாற்றக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போட்டு, காலியான இடத்தில் மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, முன் சக்கரம் முதலில் பூட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தையும் பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் 15 அங்குலச் சக்கரத்தோடு வந்த வண்டி. மஸ்டாங்கின் பழைய 14 அங்குலச் சக்கரம் கேலிப்பரில் இடிக்கும். ஹேண்ட் பிரேக் வேலை டிஸ்க்கின் தொப்பிக்குள் இருக்கும் சின்ன டிரம்மில் நடக்கிறது. அதன் ஷூக்கள் பழைய வண்டிகளில் துருப்பிடித்துக் கழன்று கிடக்கும். புதிது போட்டுவிடுங்கள், மலிவுதான்.

ஆக்சிலைக் குறுக்கி வாங்கிவிட்டேன். ஸ்பிரிங் உட்காரும் இருக்கையை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பற்றவைப்பது? இணையத்தில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.
— வாசகர், டொராண்டோ

என் மேஜைக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்ப்ளோரரிலும் மஸ்டாங்கிலும் லீஃப் ஸ்பிரிங் மேல்தான் ஆக்சில் உட்காருகிறது. ஆனால் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான தூரம் வேறு, கோணமும் வேறு. எக்ஸ்ப்ளோரரின் இருக்கைகளைக் கிரைண்டரால் அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது குழாய்ச் சுவரில் வெட்டு விழக்கூடாது. இருக்கையின் வெல்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துவிட்டு, கடைசியில் ஃப்ளாப் டிஸ்க்கால் மெதுவாகச் சமன் செய்யுங்கள். புது இருக்கை 3¼ அங்குலக் குழாய்க்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். மஸ்டாங்கின் பழைய யூ-போல்ட்டும் இந்தத் தடித்த குழாய்க்குப் பற்றாது, அதையும் புதிதாக வாங்குங்கள்.

இப்போது கோணம். கிராஸ் ஜாயின்ட் வளைந்து சுற்றும்போது, அடுத்த பக்கம் சீரான வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே அளவு எதிராக வளைந்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அங்கே சமனாகிவிடும். அதனால்தான் கியர் பெட்டியின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்கிறோம். கியர் பெட்டியின் பின்முனை 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், ஓடும்போது பினியனின் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும்.

‘ஓடும்போது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸலரேட்டரை மிதித்தால் ஆக்சில் முறுகும், பினியனின் மூக்கு மேலே எழும்பும். நிற்கும்போதே 3 டிகிரி வைத்தால் ஓடும்போது அதைத் தாண்டிவிடும். அதனால் நிற்கும் நிலையில் அதைவிட 2 டிகிரி வரை குறைத்து வைக்கிறோம். நான் சொன்ன கணக்குக்கு நிற்கும்போது மூக்கு 1 டிகிரி மேலே. நல்ல உறுதியான ஸ்பிரிங் என்றால் 1 டிகிரி குறைத்தாலே போதும், பழைய தளர்ந்த ஸ்பிரிங்குக்கு 2 வேண்டும்.

இதை வண்டி ஜாக்கில் தொங்கும்போது அளந்தால் எல்லாமே பொய். செய்யும் முறை இப்படி: இருக்கைகளைப் பற்றவைக்காமல் ஸ்பிரிங் மேல் வையுங்கள். ஆக்சிலை அதன் மேல் வைத்து, யூ-போல்ட்டை இலேசாக இறுக்குங்கள். சக்கரம் மாட்டி, வண்டியின் முழு எடையையும் சக்கரத்தில் இறக்குங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பின்பக்கத்தை அமுக்கிவிட்டால் ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும். இடது வலது இரு பக்கமும் ஃபிரேமில் இருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். அப்புறம் பினியன் ஃப்ளாஞ்சின் முகத்தில் கோணமானியை வைத்து, ஆக்சிலைத் திருப்பிக் கோணத்தைக் கொண்டு வாருங்கள். அங்கேயே ஒவ்வொரு இருக்கைக்கும் நான்கு புள்ளி வெல்டிங். பிறகு ஆக்சிலை வெளியே எடுத்து முழு வெல்டிங்.

முழு வெல்டிங் வைக்கும்போது ஆக்சில் ஷாஃப்ட் உள்ளே இருக்கக்கூடாது, எர்த் கிளாம்ப்பை இருக்கைக்குப் பக்கத்திலேயே குழாயில் மாட்ட வேண்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் உருளைகளில் குழி விழும். ஒரு அங்குலம் பற்றவைத்து, மறு பக்கம் போய் ஒரு அங்குலம், ஆறவிட்டு மீண்டும். ஒரே இழுப்பில் சுற்றி வந்தால் குழாய் வளையும்.

இன்னொன்று. 8.8-ல் குழாய்கள் வார்ப்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில இடங்களில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருக்கும். கனமான எஞ்சினும் ஒட்டும் டயரும் போட்டுத் திடீரென்று கிளம்பினால் குழாய் அதற்குள் சுழன்றுவிடலாம். சுற்றிலும் பற்றவைப்பது நல்லது. ஆனால் அது வார்ப்பிரும்பு. முதலில் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். சாதாரணக் கம்பியால் ஓட்டிவிட்டால் ஓரத்தில் விரிசல் விடும். வார்ப்பில் கை பழகியவரிடம் கொடுங்கள்.

மாற்றி முடித்து ஓட்டுகிறேன். 50 மைலைத் தாண்டினால் இருக்கை அதிர்கிறது. ஷாஃப்டை பேலன்ஸ் செய்தும் போகவில்லை.
— வாசகர், டல்லஸ்

முதலில் எஞ்சினா, ஷாஃப்டா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதே 50 மைலில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். எஞ்சின் வேகம் மாறியும் அதிர்வு அதே மாதிரி இருந்தால் ஷாஃப்ட், ஆக்சில் அல்லது டயர். நியூட்ரலில் உருட்டினாலும் அதிர்ந்தால் அது உறுதி.

பேலன்ஸ் சரியில்லை என்றால் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு அதிர்வு. கோணம் தவறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு, வேகமான சின்ன நடுக்கமாகத் தெரியும். நீங்கள் பேலன்ஸ் செய்தும் போகவில்லை என்பதால் நான் கோணத்தைத்தான் சந்தேகிப்பேன். மிதிக்கும்போது அதிர்ந்து, காலை எடுத்ததும் அடங்கினாலும், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தாலும் கோணம்தான். வண்டியைச் சமதளத்தில் சக்கரத்தின் மேல் நிறுத்தி மூன்று கோணம் எடுங்கள்: கியர் பெட்டி, ஷாஃப்ட், பினியன்.

இரண்டு டிகிரிக்குள் பிசகியிருந்தால் ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். எஃகு ஆப்பாக வாங்குங்கள். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி யூ-போல்ட்டைத் தளர்த்திவிடும். அதற்கு மேல் பிசகு என்றால் இருக்கையை அறுத்து மீண்டும் வைப்பதுதான் வழி.

கிராஸையும் பாருங்கள். எக்ஸ்ப்ளோரருக்குப் பெரிய அளவு, மஸ்டாங் ஷாஃப்டுக்குச் சின்ன அளவு. இரு பக்கம் ஒரு அளவும் மற்ற இரு பக்கம் இன்னொரு அளவும் உள்ள கலப்பு கிராஸ் கடையில் கிடைக்கும். அதைப் போடாமல் ஏதோ தகட்டை வைத்து இட்டு நிரப்பியிருந்தால் ஷாஃப்ட் நடுவில் உட்காராது. ஷாஃப்ட் நீளமும் முக்கியம். முன்முனை கியர் பெட்டிக்குள் முழுக்கப் போய் முட்டிய நிலையில் இருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே நிற்க வேண்டும், வண்டி தன் எடையில் நிற்கும்போது.

3.73 விகித ஆக்சில்தான் கிடைத்தது. நெடுஞ்சாலையில் கஷ்டமாக இருக்குமா? சி4 கியர்தான்.
— வாசகர், சார்லட்

இருக்கும். கணக்கு எளிது: மைல் வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால், அதாவது அங்குலத்தால் வகுத்தால் எஞ்சின் சுற்று. 65 மைல், 25 அங்குல டயர் என்று வைத்தால் 3.73-க்கு சுமார் 3,260. 3.55-க்கு 3,100. 3.27-க்கு 2,860. அந்தக் காலத்து மஸ்டாங்கில் வந்த 2.80-க்கு 2,450-தான். சி4-ல் மூன்றாவது கியர் நேர் கியர், ஓவர்டிரைவ் இல்லை. நீண்ட பயணம் போகிறவர் என்றால் 3.27 தேடுங்கள். டி5 ஐந்து கியர் பெட்டி போடும் எண்ணம் இருந்தால் 3.73-ஐ வைத்துக்கொள்ளலாம். அதன் 0.68 ஓவர்டிரைவில் அதே 65 மைலுக்கு 2,220-க்கு இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் பெட்டியில் இருக்கும் அதன் சின்னப் பிளாஸ்டிக் கியரை மாற்ற மறக்காதீர்கள்.

எஃப்-150 பிக்கப்பின் 9 அங்குல ஆக்சில் இன்னும் உறுதி என்கிறார்களே?
— வாசகர், சான் ஹோசே

உறுதிதான். ஆனால் சுமார் 65 அங்குல அகலம், வீல் நட்டு வட்டம் 5½ அங்குலம். இரு பக்கமும் வெட்டி, புது ஷாஃப்ட் செய்து, முனைகளை மாற்ற வேண்டும். நடு கியர் கூடு மட்டும்தான் மிஞ்சும். அதன் பினியன் கிரவுன் வீலின் மையத்தை விட நன்றாகக் கீழே தள்ளியிருப்பதால் பல் அதிகம் உரசும், கொஞ்சம் சக்தியும் அதில் போகும். பந்தயத்துக்கு ஓட்டாதவருக்கு 8.8 போதும். ஒரு விஷயத்தில் 9 அங்குலம் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: 8.8-ல் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைப்பது சி வடிவ கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் அதோடு வெளியே வந்துவிடும். 9 அங்குலத்தில் வெளிமுனையில் தட்டு பிடித்திருக்கிறது.

என் மாமனார் வைத்துவிட்டுப் போன 1953 செவ்ரோலே காரில் எஸ்-10 பிக்கப்பின் ஆக்சிலைப் போட வேண்டும். வீல் போல்ட் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன். எளிதாக முடியும்தானே?
— வாசகர், கிளீவ்லாந்து

போல்ட் பொருந்துகிறது, உண்மைதான். இரண்டுமே 5 போல்ட், 4¾ அங்குலம். ஆனால் அந்த காருக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். திறந்த ஷாஃப்ட் தெரியாது, ஒரு தடித்த குழாய்தான் தெரியும். ஷாஃப்ட் அதற்குள்ளே சுற்றுகிறது. இதுதான் டார்க் ட்யூப். சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகக் கியர் பெட்டிக்குப் போகிறது, ஆக்சில் முறுகாமல் பிடிப்பதும் அதுவே. செவ்ரோலே கார்கள் 1955-ல்தான் திறந்த ஷாஃப்டுக்கு மாறின.

அதனால் ஆக்சிலை மாற்றினால் கியர் பெட்டியும் மாற வேண்டும், பழைய பெட்டியின் பின்முனை திறந்த ஷாஃப்டை ஏற்காது. பலர் எஸ்-10-ன் டி5 பெட்டியையே 235 எஞ்சினுக்குப் பின்னால் அடாப்டர் போட்டு வைக்கிறார்கள். நன்றாகவே ஓடுகிறது. முறுகும் விசையை இனி லீஃப் ஸ்பிரிங் தாங்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங்கின் தட்டுகளையும் நடு போல்ட்டையும் புதுப்பித்தே ஆக வேண்டும். ஆக்சிலை வாங்கும்போது நான்கு சக்கர இயக்கம் உள்ள எஸ்-10 அல்லது பிளேஸரில் இருந்து எடுங்கள். இரண்டு சக்கர இயக்க பிக்கப்பின் ஆக்சில் அதைவிட நாலு அங்குலம் போலக் குறுகியது, சக்கரம் உடலுக்குள் புதைந்து போகும்.

ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் வேறு வழி இருக்கிறது. 1950 முதல் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த செவ்ரோலேகளில் 3.55 கிரவுன் பினியன். அதைத் தேடிப் பிடித்து உங்கள் ஹவுசிங்கிலேயே போடலாம். டார்க் ட்யூப் அப்படியே இருக்கும், வெல்டிங் கிடையாது. உங்கள் மாமனாரின் காரில் எதையும் அறுக்காமல் முடிகிற வேலை என்பதால் நான் இதைத்தான் சொல்வேன்.

கோவையில் அம்பாசடர் வைத்திருக்கிறேன். இங்கே பிக்கப் வண்டி ஆக்சில் போட்டு ஓட்டலாமா?
— வாசகர், கோவை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிவுச் சான்றிதழுக்கும் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும். வேண்டாம். சத்தம் வருகிறது என்றால் அதே ஆக்சிலில் பேரிங்கும் கிரவுன் பினியன் செட்டும் மாற்றி, இடைவெளி சரியாக வைக்கத் தெரிந்த கையில் கொடுங்கள். கோவையில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை.

புது கியர் ஆயில் ஊற்றிய பிறகு, திருப்பத்தில் பின்னால் கடகடவென்று சத்தம் வருகிறது. 3.73 லிமிட்டெட் ஸ்லிப் எக்ஸ்ப்ளோரர் ஆக்சில்.
— வாசகர், சிகாகோ

லிமிட்டெட் ஸ்லிப்புக்கு வெறும் கியர் ஆயில் போதாது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் திருப்பத்தில் வழுக்கிக்கொடுக்க வேண்டும். அதற்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் 4 அவுன்ஸ் பாட்டிலில் வருகிறது. அந்த ஒரு பாட்டிலை ஊற்றுங்கள். ஆயில் மட்டம் நிரப்பும் துளையின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், வழிய விடாதீர்கள். பிறகு காலியான பார்க்கிங் இடத்தில் மெதுவாக எட்டு போட்டு ஓட்டுங்கள், இரு பக்கமும் நன்றாகத் திருப்பி. மருந்து தட்டுகளுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. மாற்றும் செட் தனியாகக் கிடைக்கிறது, அதற்காக ஆக்சிலை வண்டியில் இருந்து இறக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து, சி-கிளிப்பை எடுத்து, இரு ஷாஃப்டையும் கொஞ்சம் வெளியே இழுத்தால் போதும்.